லினக்ஸில் கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் பழையதையே கேட்கிறதா? முழுமையான வழிகாட்டி

உள்நுழைவுக் கடவுச்சொல்லை மாற்றியாகிவிட்டது. புதியதைக் கொடுத்ததும் கணினி முணுமுணுக்காமல் உள்ளே விட்டது. ஆனால் குரோம் உலாவியைத் திறந்தவுடன் திரை நடுவே ஒரு பெட்டி வந்து நின்று கடவுச்சொல் கேட்கிறது. புதியதைக் கொடுத்தால் ஏற்க மறுக்கிறது; பழையதைக் கொடுத்தால் போய்விடுகிறது. கணினியை மறுபடி இயக்கினால் மறுபடியும் அதே பெட்டி.

இந்த இடத்தில் பலரும் கடவுச்சொல் பாதிதான் மாறியிருக்கிறது என்று நினைத்து இன்னொரு முறை மாற்றுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு சொற்களால் வந்த குழப்பம் மூன்று சொற்களால் வந்த குழப்பமாகும், அவ்வளவுதான். உள்நுழைவுக் கடவுச்சொல் ஒழுங்காகவே மாறிவிட்டது. அது ஈடிசி அடைவில் உள்ள ஷேடோ என்ற கோப்பில் ஹாஷ் வடிவில், அதாவது மூலச்சொல்லுக்குத் திருப்ப முடியாத வடிவில், பதிவாகிறது. வந்தவரை உள்ளே விடலாமா கூடாதா என்று சரிபார்ப்பது மட்டுமே அதன் வேலை. அதே சொல்லைக் கொண்டு பூட்டிய வேறு சில பெட்டகங்களும் உங்கள் கணினியில் இருக்கின்றன. வாசல் கதவின் பூட்டை மாற்றினால் அறைக்குள் இருக்கும் பீரோவின் பூட்டும் மாறிவிடுவதில்லை. எந்தப் பீரோ கேட்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தொடங்கும் முன் ஒன்று: பழைய கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அது கையில் இருக்கும்வரை எதையும் இழக்காமல் எல்லாவற்றையும் சரிசெய்யலாம். எல்லாம் முடிந்த பிறகு தாளைக் கிழித்துவிடலாம். இன்னொரு குறிப்பு: கட்டளைகளையும் கோப்புகளின் பெயர்களையும் இங்கே தமிழ் ஒலிப்பில் தருகிறேன், டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில்) அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். முடிந்த இடங்களில் டெர்மினல் தேவைப்படாத வழியையே சொல்கிறேன்.

கேட்பது யார்?

கேள்வி எந்த நேரத்தில் வருகிறது என்பதே முதல் துப்பு. கணினியை இயக்கிய சில நொடிகளில், பயனர் பட்டியல் வருவதற்கு முன்பே கேட்டால், அது வன்தட்டின் குறியாக்கப் பூட்டு. உள்நுழைவுத் திரையே புதியதை மறுத்தால், விசைப்பலகை அமைப்பையோ அலுவலகக் கணக்கையோ சந்தேகிக்க வேண்டும். உள்ளே வந்த பிறகு, உலாவியையோ மின்னஞ்சல் செயலியையோ திறக்கும்போது கேட்டால், பெரும்பாலும் கீரிங், அதாவது செயலிகளின் ரகசியங்களைப் பூட்டி வைக்கும் பெட்டகம். மென்பொருள் நிறுவும்போது கேட்டால் நிர்வாகி உரிமை தொடர்பானது. வேறொரு கணினியோடு இணையும்போது கேட்டால், கேட்பது உங்கள் கணினியே அல்லாமல் இருக்கலாம்.

இரண்டாவது துப்பு, பெட்டியில் இருக்கும் வாசகம். அதை யாரும் படிப்பதில்லை. கடவுச்சொல் என்ற சொல் கண்ணில் பட்டதும் விரல்கள் தட்டத் தொடங்கிவிடுகின்றன. ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். 'கணினியில் நுழையப் பயன்படுத்தும் கடவுச்சொல் உங்கள் லாகின் கீரிங்கின் கடவுச்சொல்லோடு இப்போது பொருந்தவில்லை' என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருந்தால், நோய் எது என்று அதுவே சொல்லிவிட்டது. கேடிஇ மேசைச்சூழலின் பெட்டகமான கேடிஇ வாலட் என்ற பெயர் தெரிந்தால் மருந்து வேறு. இன்னொருவருடைய பயனர் பெயர் தெரிந்தால், கேட்கப்படுவது உங்கள் கடவுச்சொல்லே அல்ல.

க்னோம் கீரிங்: பத்தில் ஒன்பது வேளை இதுதான்

உபுண்டு, ஃபெடோரா, டெபியனின் க்னோம் பதிப்பு, லினக்ஸ் மின்ட்டின் சின்னமன் என்று பலவும் க்னோம் கீரிங்கைப் பயன்படுத்துகின்றன. செயலிகள் தங்கள் ரகசியங்களை இதில் போட்டு வைக்கின்றன: மின்னஞ்சல் கணக்குகளின் கடவுச்சொற்கள், ஆன்லைன் கணக்குகளின் டோக்கன்கள், உங்களுக்கு மட்டும் என்று சேமித்த வைஃபை கடவுச்சொல், தொலைமேசை இணைப்பு விவரங்கள். குரோமும் குரோமியமும் சேமித்த கடவுச்சொற்களையும் குக்கிகளையும் தம் சொந்தக் கோப்பில் வைத்துக்கொள்கின்றன. ஆனால் அந்தக் கோப்பைத் திறக்கும் சாவியை 'குரோம் சேஃப் ஸ்டோரேஜ்' என்ற பெயரில் கீரிங்கில் ஒப்படைக்கின்றன. உலாவியைத் திறந்ததும் பெட்டி எழுவதற்குக் காரணம் இதுதான். ஃபயர்ஃபாக்ஸ் இப்படிச் செய்வதில்லை. அதற்குத் தனிச் சேமிப்பு உண்டு. குரோமில் தொல்லை, ஃபயர்ஃபாக்ஸில் இல்லை என்றால் சந்தேகமே வேண்டாம், கீரிங்தான்.

நீங்கள் உள்நுழையும்போது தட்டும் சொல்லை பேம் என்ற அங்கீகாரக் கட்டமைப்பு வாங்கிச் சரிபார்க்கிறது. அதே சொல்லை அப்படியே கீரிங்கிடமும் நீட்டுகிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் கீரிங் சத்தமின்றித் திறந்துகொள்ளும். அப்படி ஒன்று இருப்பதே உங்களுக்குத் தெரியாது. கடவுச்சொல் மாற்றத்தையும் பேம் இதுபோலவே கையாள்கிறது. நீங்களே அமைப்புகளில் பயனர் பகுதிக்குப் போய் மாற்றினாலும் சரி, டெர்மினலில் உங்கள் கணக்கிலிருந்தே பாஸ்டபிள்யூடி கட்டளையைக் கொடுத்தாலும் சரி, முதலில் பழைய சொல்லைக் கேட்கும், பிறகு புதியதை. இரண்டும் கையில் இருப்பதால் கீரிங்கையும் சேர்த்து மாற்றிவிடும்.

பழைய சொல்லைக் கேட்காமலே மாற்றும் வழிகளில்தான் சிக்கல். சூடோ (நிர்வாகி உரிமையோடு கட்டளையை இயக்கும் வழி) போட்டு மாற்றுவது, ரெகவரி (மீட்பு) பயன்முறையில் ரூட்டாக (முழு உரிமை உள்ள நிர்வாகியாக) போய் மாற்றுவது, நிர்வாகி தன் கணக்கிலிருந்து உங்கள் கடவுச்சொல்லை மாற்றித் தருவது ஆகிய மூன்றிலும் பழைய சொல் யாரிடமும் இல்லை. பழையது இல்லாமல் கீரிங் கோப்பைத் திறக்க முடியாது, திறக்காமல் புதிதாகப் பூட்டவும் முடியாது. இதைப் பிழை என்று திட்டுபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ரூட் உரிமை உள்ள எவரும் உங்கள் சேமித்த ரகசியங்களைப் படிக்க முடிந்தால் அந்தக் குறியாக்கத்துக்கு என்ன மதிப்பு?

சரிசெய்யும் முறை:

1. செயலிகள் பட்டியலில் 'பாஸ்வேர்ட்ஸ் அண்ட் கீஸ்' என்று தேடுங்கள். இல்லையென்றால் சீஹார்ஸ் என்ற பெயரில் மென்பொருள் மையத்திலிருந்து நிறுவிக்கொள்ளலாம். இரண்டும் ஒரே செயலிதான்.

2. இடப்பக்கப் பட்டியலில் 'லாகின்' என்ற கீரிங் இருக்கும். அதன்மேல் வலது சொடுக்கு செய்து 'சேஞ்ச் பாஸ்வேர்ட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

3. முதலில் கேட்பது கீரிங்கின் இப்போதைய கடவுச்சொல். அதாவது உங்கள் பழைய உள்நுழைவுச் சொல். பலரும் தடுக்கி விழும் இடம் இது. கை தானாகவே புதியதைத் தட்டும்.

4. அடுத்து, புதிய உள்நுழைவுச் சொல்லை எழுத்துப் பிசகாமல் இருமுறை கொடுங்கள்.

5. வெளியேறி, கடவுச்சொல்லைத் தட்டியே மீண்டும் நுழையுங்கள். விரல்ரேகை வேண்டாம். குரோமைத் திறந்து பாருங்கள்.

பெட்டி வரவில்லையென்றால் முடிந்தது. வந்தால், அதில் எந்தக் கீரிங்கின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். லாகின் என்பதற்குப் பதிலாக 'டிஃபால்ட் கீரிங்' என்று இருக்கலாம். பேம் தானாகத் திறப்பது லாகின் கீரிங்கை மட்டும். எப்போதோ ஒரு செயலி கேட்டபோது உருவான இரண்டாவது கீரிங்கை அது திறக்காது. அந்தப் பெட்டியிலேயே, நான் உள்நுழையும்போதெல்லாம் இதைத் தானாகத் திற என்ற பொருளில் ஒரு தெரிவு இருக்கும். அதைக் குறியிட்டு ஒருமுறை சரியான சொல்லைக் கொடுத்தால், அந்தச் சொல் லாகின் கீரிங்கிற்குள் சேமிக்கப்பட்டு, பிறகு தொல்லை நின்றுவிடும்.

இரண்டு கடவுச்சொற்களும் ஒன்றுதான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் கேட்கிறது என்றால் பேமுக்கும் கீரிங்கிற்கும் இடையிலான இணைப்பே அறுந்திருக்கலாம். டெபியன், உபுண்டு குடும்பத்தில் லிப்பேம்-க்னோம்-கீரிங் என்ற தொகுப்பு நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டெர்மினலில் சூடோவுடன் பேம்-ஆத்-அப்டேட் கட்டளையைக் கொடுத்தால் ஒரு பட்டியல் வரும். அதில் க்னோம் கீரிங் வரிசை குறியிடப்பட்டிருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் அறிவுரையை நம்பி பேம் கோப்புகளைக் கையால் திருத்த இறங்காதீர்கள். ஒரு வரி பிசகினால் யாருமே உள்ளே நுழைய முடியாமல் போகும்.

பழைய சொல் மறந்தே போயிருந்தால்

கடவுச்சொல் மறந்துபோய், ரெகவரி பயன்முறையில் புதியது வைத்தவர்கள் இங்கேதான் வந்து நிற்பார்கள். நேராகச் சொல்கிறேன்: மறந்த சொல்லால் பூட்டிய கீரிங்கைத் திறக்க வழியில்லை. அதை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. நிர்வாகி கடவுச்சொல்லை மாற்றும்போது நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருந்து, இன்னும் வெளியேறவில்லை என்றால், கீரிங் இந்த நொடியில் திறந்தே இருக்கிறது. வெளியேறுவதற்கு முன் சீஹார்ஸைத் திறந்து, ஒவ்வொரு பதிவையும் பார்த்துத் தேவையானதைக் குறித்துக்கொள்ளுங்கள். குரோமின் அமைப்புகளிலிருந்து சேமித்த கடவுச்சொற்களையும் ஏற்றுமதி செய்துவிடுங்கள். கணினியை அணைத்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். ஏற்றுமதிக் கோப்பில் எல்லாம் வெளிப்படையாக இருக்கும். வேலை முடிந்ததும் அழிக்க மறக்காதீர்கள்.

அந்த வாய்ப்பு இல்லாதவர்கள் கோப்பு மேலாளரில் தங்கள் முகப்பு அடைவைத் திறந்து, கண்ட்ரோல் விசையோடு ஹெச் விசையை அழுத்துங்கள். மறைந்திருக்கும் அடைவுகள் தெரியும். புள்ளியோடு தொடங்கும் லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் கீரிங்ஸ். அங்கே லாகின் புள்ளி கீரிங் என்ற கோப்பு இருக்கும். அதை அழிக்காதீர்கள், பெயரை மட்டும் மாற்றுங்கள். என்றாவது குளிக்கும்போது பழைய சொல் நினைவுக்கு வரலாம். அப்போது கோப்பு இருந்தால்தான் பயன். பெயரை மாற்றியதும் வெளியேறி, கடவுச்சொல்லைத் தட்டி மீண்டும் நுழையுங்கள். இப்போதைய உள்நுழைவுச் சொல்லையே கொண்டு புதிய, காலியான லாகின் கீரிங் தானாக உருவாகும்.

எதை இழப்பீர்கள் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். மின்னஞ்சல், ஆன்லைன் கணக்குகளில் மறுபடி உள்நுழைய வேண்டும். குரோமின் சாவி போய்விடுவதால், இந்தக் கணினியில் அது சேமித்திருந்த கடவுச்சொற்கள் படிக்க முடியாதவையாகும், பல தளங்களிலிருந்து வெளியேற்றப்படுவீர்கள். கூகுள் கணக்கோடு ஒத்திசைத்து வைத்தவர்களுக்குக் கடவுச்சொற்கள் திரும்ப வந்துவிடும், மற்றவர்களுக்கு வராது. வைஃபை பெரும்பாலும் தப்பிவிடும்; எல்லாப் பயனர்களுக்கும் என்று சேமித்த இணைப்புகளின் சொல் கீரிங்கில் இல்லை, கணினியின் பொது அமைப்பில் இருக்கிறது.

குரோமைக் கீரிங் இல்லாமல் 'பேசிக்' சேமிப்போடு இயக்குங்கள் என்று ஒரு குறுக்குவழி பரவலாகச் சொல்லப்படுகிறது. பெட்டி நின்றுவிடும், உண்மைதான். கூடவே உங்கள் கடவுச்சொற்களுக்கு இருந்த உண்மையான பாதுகாப்பும் நின்றுவிடும். கேட்ட கேள்வி பிடிக்கவில்லை என்பதற்காகக் காவலாளியை அனுப்பிவிடும் வேலை அது.

தானியங்கி உள்நுழைவும் விரல்ரேகையும்

கடவுச்சொல் கேட்காமல் கணினி நேராகத் திறக்கும்படி வைத்திருப்பவர்களுக்கும், விரல்ரேகையால் நுழைபவர்களுக்கும், இரண்டு சொற்களும் ஒன்றாகவே இருந்தாலும் பெட்டி வரும். தட்டப்படாத சொல்லைப் பேம் எப்படிக் கீரிங்கிடம் நீட்டும்? இவர்கள் கடவுச்சொல்லை மாற்றியிருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். முதலில் மேலே சொன்னபடி லாகின் கீரிங்கைப் புதிய சொல்லுக்கு மாற்றுங்கள். பிறகு தானியங்கி உள்நுழைவு தேவைதானா என்று யோசியுங்கள். கீரிங்கின் கடவுச்சொல்லைக் காலியாக விட்டால் பெட்டி வராது. ஆனால் உள்ளே இருப்பவை குறியாக்கமின்றிச் சேமிக்கப்படும், சீஹார்ஸும் அதை எச்சரிக்கும். வன்தட்டு முழுவதும் குறியாக்கம் செய்யப்பட்ட, வீட்டை விட்டு நகராத கணினி என்றால் ஏற்கலாம். பையில் போட்டு எடுத்துச் செல்லும் மடிக்கணினியில் வேண்டாம்.

கேடிஇ பயன்படுத்துபவர்களுக்கு

பிளாஸ்மா மேசையில் கீரிங்கின் இடத்தில் கேவாலட் இருக்கிறது. தத்துவம் ஒன்றே, ஆனால் இது இன்னும் பிடிவாதம். உள்நுழைவுச் சொல்லை முறைப்படி மாற்றினாலும் வாலட்டும் சேர்ந்து மாறும் என்று நம்பியிருக்க வேண்டாம். கேவாலட்மேனேஜரைத் திறந்து, கேடிஇவாலட் என்ற பெயருள்ள வாலட்டைத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்: முதலில் பழையது, பிறகு புதியது. தானாகத் திறப்பதற்கு இரண்டு நிபந்தனைகள்: வாலட்டின் பெயர் கேடிஇவாலட் என்றே இருக்க வேண்டும், அது ப்ளோஃபிஷ் குறியாக்கத்தில் உருவாகியிருக்க வேண்டும். ஜிபிஜி சாவியால் பூட்டிய வாலட்டை உள்நுழைவுச் சொல்லால் திறக்க இயலாது.

வன்தட்டின் பூட்டு

லினக்ஸை நிறுவும்போது குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்து, வசதிக்காக உள்நுழைவுச் சொல்லையே அதற்கும் கொடுத்தவர்கள் ஏராளம். இதற்குப் பயன்படும் லக்ஸ் முறைக்கு உங்கள் பயனர் கணக்கைப் பற்றி எதுவுமே தெரியாது. இங்கே பழைய சொல் கேட்கப்படுவது இயல்பு, மாற்றியே ஆக வேண்டும் என்றும் இல்லை. வேறுவேறாக இருப்பதே நல்லது என்பேன்.

மாற்ற விரும்பினால் 'டிஸ்க்ஸ்' செயலியைத் திறந்து, குறியாக்கப்பட்ட பகுதியைத் தேர்ந்தெடுத்து, பற்சக்கரப் பொத்தானில் 'சேஞ்ச் பாஸ்ஃப்ரேஸ்' கொடுங்கள். டெர்மினல் பழக்கம் உள்ளவர்களுக்கு இதைவிடப் பத்திரமான வழி உண்டு. ஒரே பகுதிக்குப் பல சொற்கள் வைத்துக்கொள்ள லக்ஸ் அனுமதிக்கிறது. முதல் பதிப்பில் 8 இடங்கள், இரண்டாம் பதிப்பில் 32 வரை. கிரிப்ட்செட்டப் கட்டளையின் லக்ஸ்ஆட்கீ மூலம் புதிய சொல்லைச் சேர்த்து, கணினியை மறுபடி இயக்கி அது திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே பழையதை நீக்குங்கள். அதற்கும் முன்பு லக்ஸ்ஹெட்டர்பேக்அப் மூலம் பூட்டு விவரங்கள் அடங்கிய தலைப்பகுதியை வேறொரு வட்டில் நகலெடுத்து வையுங்கள். இங்கே சொல் தொலைந்தால் தரவும் தொலைந்தது.

பழைய உபுண்டு நிறுவல்களில் முகப்பு அடைவை மட்டும் ஈகிரிப்ட்எஃப்எஸ் முறையில் குறியாக்கும் வசதி இருந்தது, 18.04 பதிப்பில் அதை நிறுவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்துக் கணக்கை இன்றும் மேம்படுத்தி மேம்படுத்தி வைத்திருப்பவர், கடவுச்சொல்லை ரூட் வழியாக மாற்றினால் முகப்பு அடைவே திறக்காது. உள்நுழைந்ததும் வெறுமையாகத் தெரியும். பதற வேண்டாம். ஈகிரிப்ட்எஃப்எஸ்-ரீராப்-பாஸ்ஃப்ரேஸ் கட்டளை பழைய சொல்லை வாங்கிக்கொண்டு புதியதால் மறுபடி பூட்டித் தரும்.

சூடோ, எஸ்எஸ்ஹெச், சாம்பா

சூடோ கேட்பது வழக்கமாக உங்கள் இப்போதைய உள்நுழைவுச் சொல்தான். ஓப்பன்சூசேயில் மட்டும் நீண்டகாலமாகவே ரூட்டின் சொல்லைக் கேட்கும்படி அமைத்திருந்தார்கள். உங்கள் சொல் மாறினாலும் ரூட்டின் சொல் மாறாது. சாளரமாக வரும் நிர்வாகி அனுமதிப் பெட்டியும் இப்படியே: உங்கள் கணக்கு சாதாரணக் கணக்கு என்றால் அது நிர்வாகியின் பெயரைக் காட்டி அவருடைய சொல்லைக் கேட்கும்.

தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் கேட்பது பாஸ்ஃப்ரேஸ் என்றால், உங்கள் சாவிக் கோப்பை உருவாக்கியபோது வைத்த சொல். எஸ்எஸ்ஹெச்-கீஜென் கட்டளையோடு சிற்றெழுத்து 'பி' தெரிவைக் கொடுத்து மாற்றலாம். பாஸ்வேர்ட் என்று கேட்டால் அது எதிர்முனைக் கணினியில் உள்ள கணக்கின் சொல். உங்கள் கணினியில் எதை மாற்றினாலும் அங்கே எட்டாது. வலையமைப்பில் கோப்புகளைப் பகிர உதவும் சாம்பா பகிர்வுகளுக்கும் தனிப் பட்டியல் உண்டு, எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி கட்டளையால் தனியே மாற்ற வேண்டும். அந்தப் பகிர்வைப் பழைய சொல்லோடு நினைவில் வைத்திருக்கும் மற்ற கணினிகளையும் மறந்துவிடாதீர்கள்.

உள்நுழைவுத் திரையே மறுத்தால்

பெரிய எழுத்துப் பூட்டை (கேப்ஸ் லாக்) பார்த்தாகிவிட்டதா? அடுத்தது விசைப்பலகை அமைப்பு. அமெரிக்க அமைப்பில் அட் குறி இருக்கும் இடத்தில் பிரிட்டிஷ் அமைப்பில் இரட்டை மேற்கோள் குறி இருக்கிறது. புதிய சொல்லில் இவற்றுள் ஒன்றைச் சேர்த்திருந்தால், மேசையில் வைத்த சொல்லும் உள்நுழைவுத் திரையில் தட்டும் சொல்லும் வேறாகிவிடும். தமிழ்99 அமைப்பையும் சேர்த்து வைத்திருப்பவர்கள் திரையின் மூலையில் எந்த மொழி தேர்வாகியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது; புள்ளிகள் மட்டுமே தெரியும் கட்டத்தில் வேறெதையும் கண்டுபிடிக்க முடியாது. பயனர் பெயர்க் கட்டத்தில் கடவுச்சொல்லைத் தட்டிப் பார்த்துச் சோதிக்கலாம், பக்கத்தில் யாரும் இல்லாதபோது.

அலுவலகக் கணக்கு

நிறுவனத்தின் மையப் பயனர் பட்டியலான ஆக்டிவ் டைரக்டரி அல்லது எல்டிஏபி கணக்கில் லினக்ஸ் மடிக்கணினியை இணைத்திருந்தால் கதை தலைகீழ்: புதியதை மறுத்துப் பழையதையே ஏற்கும். எஸ்எஸ்எஸ்டி என்ற சேவை, வலையமைப்பு இல்லாதபோதும் நீங்கள் நுழைய முடியவேண்டும் என்பதற்காக, கடைசியாக வெற்றிபெற்ற சொல்லின் ஹாஷைச் சேமித்து வைக்கும்படி பல இடங்களில் அமைக்கப்பட்டிருக்கும். இணையப் பக்கத்தில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு வீட்டில் மடிக்கணினியைத் திறந்தால், அதற்கு அந்தச் செய்தியே தெரியாது. பழைய சொல்லால் நுழையுங்கள். விபிஎன் மூலம் அலுவலக வலையமைப்போடு இணையுங்கள். திரையைப் பூட்டி, புதிய சொல்லால் திறங்கள். இப்போது சர்வரிடம் கேட்டுச் சரிபார்த்துச் சேமிப்பைப் புதுப்பித்துக்கொள்ளும். கீரிங் இன்னும் பழைய சொல்லிலேயே இருக்கும். மேலே சொன்ன சீஹார்ஸ் வேலையை உடனே முடித்துவிடுங்கள்.

கையோடு வைஃபையையும் பாருங்கள். அலுவலக வைஃபை உங்கள் கணக்குச் சொல்லையே கேட்கும் வகை என்றால், மடிக்கணினியும் கைபேசியும் பழைய சொல்லோடு பின்னணியில் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டிருக்கும். பல நிறுவனங்களில் சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு கணக்கே பூட்டப்படும். நீங்கள் சரியான சொல்லைத் தட்டினாலும் மறுப்பு வருவதற்கு இதுவும் காரணமாகலாம். அப்படி நேர்ந்தால் நிர்வாகியிடம் கணக்கைத் திறந்துவிடச் சொல்வதற்கு முன், கைபேசியில் வைஃபையையும் மின்னஞ்சலையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் அவர் திறந்த சில நிமிடங்களில் அது மறுபடி பூட்டிக்கொள்ளும்.